உளுவையின் பயம்

என் புருஷன் பிடரியில் வேறொருத்தியின் பயம் வந்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் அவருக்குச் சாளைக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாய்க்குப் போன சோறு பாதி வழியில் நின்றது. தோளைக் குறுக்கிக் கழுத்தைத் தடவிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"என்ன, முள்ளா?" என்றேன்.

"இல்லட்டி. நம்பு எதுக்கோ பயந்துட்டா."

வெளியே தூறல் போடுகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். இடது கையால் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். பேசி முடித்ததும் ஒரு சிரிப்பு வேறு. "பல்லியாம். சோத்துப் பானை மேல விழுந்திருக்கு."

எதிரே இருபத்தொரு வருஷமாகக் குழம்பு ஊற்றுகிறவள் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு எப்போது படபடக்கிறது என்று இந்த மனிதருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நாலு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறவளுக்குப் பல்லி விழுந்தால் இவருக்குப் புல்லரிக்கிறது. நான் கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு ரொசாரி வரைக்கும் கேட்டிருக்கும்.

என் பெயர் செலஸ்தீனா. தூத்துக்குடி திரேஸ்புரம். அவர் பெயர் கிளாடியஸ், சங்கு குளிக்கிறவர். உயிர்ச் சங்கு எடுக்கக் கூடாது என்று தடை வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் எடுப்பதெல்லாம் புதைசங்கு. கடலடி மணலில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினால், நூற்றுக்கணக்கான வருஷத்துக்கு முன் செத்த சங்குகள் கிடைக்கும். கடற்கரையில் இருக்கும் ஆய்வு நிலையம் அவற்றை வாங்கிக்கொள்கிறது. சங்கின் வரிகளில் அந்தக் காலத்துக் கடலின் சூடும் குளிரும் பதிந்திருக்கிறதாம். அவர் எடுத்து வரும் சங்கை நிலையத்தில் நெடுக்காக அறுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. சின்ன வயதிலேயே காதுச் சவ்வு கிழிந்ததால் தண்ணீருக்குள் தலையை விட எனக்கு முடியாது.

குழி தோண்டுவது சங்கு குளிப்பது போல இல்லை. உறிஞ்சிக் குழாய் மணலை இழுக்கும்போது சேறு கிளம்பி, தோண்டுகிறவருக்குத் தன் கையே தெரியாது. பம்பின் இரைச்சலில் எதுவும் கேட்காது. கயிறு கட்டினால் குழாயில் சுற்றிக்கொள்ளும். மேலே கரை விரிசல் விட்டுச் சரிந்தால் அவ்வளவுதான். முதல் வருஷத்திலேயே இரண்டு பேரைப் பிணமாகத் தோண்டி எடுத்தோம். அப்போதுதான் நிலையத்தின் டாக்டர் சங்கரவடிவு அந்த மீசையைக் கொண்டுவந்தார்.

அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வாயில் நுழையாது. மீசை என்று பெயர் வைத்தது எங்கள் ஆட்கள். அதற்குக் காரணம் நிலையத்து வாசலில் இருந்த கண்ணாடித் தொட்டி.

தொட்டியின் அடியில் மணல். மணலில் ஒரு பொந்து. பொந்து வாசலில் விரல் நீளத்தில் ஓர் உளுவை மீன், வயிற்றை மணலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உளுவை மிதக்காது. அதன் உடம்புக்குள் மற்ற மீன்களுக்கு இருக்கிற காற்றுப் பை இல்லை. வயிற்றுப் பக்கத்துத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து கிண்ணம் போல இருக்கும், அதை ஊன்றிக்கொண்டு தலைக்கு மேலே துருத்திய கண்களை மட்டும் உருட்டும். உள்ளேயிருந்து ஓர் இறால் மணலை வாரிக்கொண்டு வந்து வெளியே தள்ளும். தள்ளிவிட்டு உள்ளே போகும். மறுபடியும் வரும். நாள் முழுக்க இதே வேலை.

"இறாலுக்குக் கண்ணு மங்கல் செலஸ்தி," என்று டாக்டர்தான் எனக்குக் காட்டினார். "தோண்ட மட்டும் தெரியும். உளுவைக்குத் தோண்டத் தெரியாது, கண்ணு மட்டும் கூர்மை. அதனால ரெண்டும் ஒரே பொந்துல குடித்தனம். இறால் வெளியே வரும்போது பாருங்க, ஒரு மீசை எப்பவும் உளுவை மேலதான் இருக்கும்."

இருந்தது. சமையலறையில் இருட்டில் நடக்கிறவர்கள் சுவரில் கை வைப்பதுபோல வைத்திருந்தது. டாக்டர் தொட்டியின் மேல் கையை நிழலாட்டினார். உளுவையின் வால் லேசாகத் துடித்தது. இறால் அந்த நொடியே உள்ளே போய்விட்டது. பின்னாலேயே உளுவையும் தலைகுப்புற உள்ளே.

"இந்த இறால் மேல அதுக்கு அவ்வளவு பாசமா மேடம்?"

"பாசமா?" டாக்டர் சிரித்துவிட்டார். "அதுக்குத் தன் உயிர் மேலதான் பாசம். அது தனக்காகத்தான் பயப்படுது. அந்தப் பயத்தை இறால் படிச்சுக்குது, அவ்வளவுதான்."

நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

மீசையும் அதே மாதிரிதான். கூடவே முங்கிக் குழியோரம் காவல் இருப்பவர் கழுத்தில் ஒரு பட்டை. தோண்டுகிறவர் பிடரியில் இன்னொரு பட்டை. நடுவே தலைமுடி மாதிரி ஓர் இழை. கரையில் இருந்தால் இழை இல்லாமலே வேலை செய்யும். காவல் இருப்பவரின் உடம்பில் பயம் எழும்பினால், அது அவருக்கே உறைக்கும் முன்னால் தோண்டுகிறவர் பிடரியில் ஒரு துடிப்பு விழும். யோசிக்க வேண்டாம், எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டியதுதான்.

ஒருவர் பயம் எல்லார் பிடரிக்கும் ஒத்துவராதாம். பொருத்தம் பார்த்தார்கள். பதினொரு பேரில் என் புருஷனுக்குப் பொருந்தியது நம்புராணியின் பயம்தான். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. எங்கள் கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை சொல்ல ஆள் உண்டா என்று கேட்டார்கள். இதற்கு ஒரு ஓலையும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் முதல் ஆளாக நான் எழுந்திருப்பேன்.

நம்பு பாம்பன் பக்கத்துக்காரி. கடல்பாசி எடுக்க முங்கி முங்கி வளர்ந்தவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கருத்து, ஒல்லியாக, சிரித்தால் தோள் குலுங்கும். அந்தத் தோள் குலுக்கலை நான் எத்தனை தடவை பார்த்து வயிறெரிந்திருக்கிறேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். அவரை "அண்ணே" என்பாள், என்னை "மதினி" என்பாள். மதினியாம்.

பட்டை உடம்புக்குப் பழக நாற்பது நாள் இரண்டு பேரும் ராப்பகலாகக் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். எங்களுக்குத் தவக்காலம் எவ்வளவோ அவ்வளவு. அந்த நாற்பது நாளில் என் வீட்டில் நம்பு இல்லாத வேளை இல்லை. லாரி ஆரன் அடித்தால் இவர் தோள் தூக்கும். அவள் தெருவில் நாய் குரைத்தால் இவர் திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் ஒன்றுமே விழவில்லை என்று, "என்னன்னு தெரியல, காலையிலருந்து சத்தமே இல்ல" என்று பிடரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் அன்றைக்குச் சோறாக்கவில்லை.

தப்பு ஏதும் நடக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். தப்பு நடந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இது பிடிக்க ஒன்றும் இல்லாத சங்கதி.

கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் ஆட்கள் முத்துக் குளித்த காலத்தில், குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். கை நழுவினால் போவது தன் தங்கச்சி தாலி, அதனால் நழுவ விடமாட்டான் என்று கணக்கு. நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

"எங்க வழக்கத்துல கயிறு வீட்டு ஆளுதான் பிடிக்கணும். யாரோ ஊருக்காரி பிடிக்கக் கூடாது."

"உங்க அண்ணன் இருக்காரா?"

"ஜெரோம் நார்வேல எண்ணெய்க் கப்பல்ல இருக்கான். அவன் இல்லாட்டி என்ன, நான் இருக்கேன். அவரு போனா என்னைய விட யாருக்கு நட்டம்?"

"நீங்க முங்க முடியாதே."

"வள்ளத்துல உக்காந்து, குழி மேல இருக்க கேமராவுல பாக்கேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு."

டாக்டருக்குச் சம்மதமில்லை. ஆனால் பொருத்தம் பார்த்தபோது தொண்ணூற்று ஏழு வந்தது. அந்த எண் அவரையும் மயக்கிவிட்டது. நான் நம்பு கழுத்துப் பட்டையை என் கையாலேயே கழற்றினேன். "நீங்க பாத்துக்கிருங்க மதினி. குழி வடக்குக் கரை கொஞ்சம் லூசா இருக்கு" என்றாள். எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

எனக்கும் அவருக்கும் பட்டை பழகியதும், நம்புவைக் குழாய் பிடிக்க மாற்றினார்கள். அதுதான் வினை. குழாய் பிடிக்கிறவள் தோண்டுகிறவரின் தோளோரம் நிற்க வேண்டும்.

ஒன்பது பாகம் ஆழம், ஐம்பது அடிக்கு மேலே. நான் மேலே வள்ளத்தில் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அவர் பக்கம் ஒரு முழம் நெருங்குவாள். எனக்கு அடிவயிற்றில் சுருக் என்று ஒன்று ஏறும். கீழே அவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேலே பாய்ந்து வருவார். வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, "என்னட்டி? என்ன பாத்த?" என்பார். நான் என்ன சொல்ல? "கரை அசஞ்ச மாதிரி இருந்துச்சு."

முதல் வாரத்தில் பதினெட்டுத் தடவை வந்தார். பட்டைக்குப் பயம் தெரியும், பொறாமை தெரியாது. இரண்டுக்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது, கை ஒரே மாதிரிதான் வேர்க்கிறது.

இரண்டாவது வாரம் அவருக்கு விளங்கிவிட்டது. ஏறி வருவதை விட்டார். பிடரியில் துடிப்பு விழுந்ததும் சேற்றுக்கு மேலே ஒரு கையை நீட்டி, கேமராவைப் பார்த்து விரல்களை விரித்து மூடுவார். சரி சரி, தெரியுது, பேசாம இரு என்று அர்த்தம். வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் காட்டுகிற அதே கை. எனக்கு அது பிடித்திருந்தது. அவளுக்குத் தெரியாத பாஷை ஒன்று எங்களுக்குள் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த நாட்களில்தான் டாக்டர் தொட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்திருந்தார். உளுவை தன் நிழலையே வேறொரு உளுவை என்று நினைத்து, வாயைப் பிளந்து, துடுப்பை விரித்து அதோடு மல்லுக்கு நின்றது. இரண்டு நாளாக அதே வேலை. இறால் வெளியே வரவேயில்லை. பொந்து வாசல் பாதி இடிந்து கிடந்தது.

"கண்ணாடியை எடுத்துருங்க மேடம், பாவம்" என்றேன். எனக்கு உளுவை மேல்தான் இரக்கம் வந்தது.

அது நடந்த அன்று கச்சான் காற்று நின்று, கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. பதினொன்றரை மணி இருக்கும். நம்பு குழாயை இழுத்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள். எனக்குச் சுருக் என்றது. அவர் கை மேலே வந்து விரலை விரித்து மூடியது. நான் சிரித்துக்கொண்டேன். அப்போது வடக்குக் கரையின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கோடு அகன்றது. எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போனது. அது முழுப் பயம், சத்தியமாக.

அவர் கை மறுபடியும் மேலே வந்தது. விரலை விரித்தார். சரி சரி.

மூடவில்லை. அதற்குள் கரை இறங்கிவிட்டது.

திரை முழுக்கச் சேற்றுப் புகை. நான் கத்தினேன், வள்ளத்தில் இருந்தவர்கள் பம்பை நிறுத்த ஓடினார்கள். புகை கொஞ்சம் அடங்கியபோது, மணலுக்கு வெளியே அந்தக் கை மட்டும் நின்றது, விரல் விரித்தபடி. நம்பு மேலே வந்திருக்கலாம். வந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் அந்தக் கையை அடையாளம் வைத்து இரண்டு கையாலும் வாரினாள். கண்டல் வேரும் சிப்பித் துண்டும் கலந்த மணல் அது. நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உடம்பு மரத்துப்போய்விட்டது.

தலை வெளியே வந்தது. காற்றுக் குழாய் வாயிலிருந்து கழன்று எங்கோ போயிருந்தது. கண் மூடியிருந்தது. நம்பு அவரைப் பின்னாலிருந்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தன் வாயில் கடித்திருந்த காற்றுக் குழாயை எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

அவர் கண் திறந்தது. வாய் குழாயைக் கடித்தது. இரண்டு பேரும் மாறி மாறி ஒரே குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்கள்.

இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மற்றபடி உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருபத்தொரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"ஒண்ணுமே தெரியலட்டி. இருட்டு. சரி, அவ்வளவுதான்னு விட்டுட்டேன். அப்பம் பிடரியில ஒண்ணு விழுந்துச்சு பாரு, தேள் கொட்டுன மாதிரி. அதுலதான் முழிச்சேன். உன் பயம்தாம்ட்டி என்னை எழுப்பிச்சு."

இதைக் கேட்க எத்தனை மாசம் ஏங்கியிருக்கிறேன். நம்பு கதவோரம் வந்து நின்றாள். விரல்களில் கட்டுப் போட்டிருந்தது. மூன்று நகம் போய்விட்டதாம். "அண்ணனுக்கு ஒண்ணும் இல்லைல்ல மதினி?" என்றாள். "தூங்கப் போறாரு. அப்புறமா வா" என்று அனுப்பிவிட்டேன்.

ஊருக்கெல்லாம் இதே பேச்சு. சாமியார் பூசையில், பெண்சாதியின் பயம் புருஷனைச் சாவிலிருந்து இழுத்து வந்த கதையைச் சொன்னார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் என்னைத் தன் அறைக்கு அழைத்தது அதற்கடுத்த வாரம். முகமெல்லாம் பூரிப்பு. "வேற எந்தக் காவலுக்கும் இப்படி ஒரு துடிப்பு பதிவாகல. அவரை எழுப்புனது இதுதான். பதினோரு இணைக்கும் இனி வீட்டுப் பெண்களையே காவல் வைக்கப்போறேன். வள்ளத்துல உக்காந்து பார்த்தாப் போதும். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். நம்புவை ஊருக்கு அனுப்பிடலாம், பாவம், அவளுக்கும் ஓய்வு வேணும்." சொல்லிவிட்டு யாரோ கூப்பிட்டதும் வெளியே போனார்.

திரையில் மேலே படம், கீழே என் உடம்பின் கோடு. நான் பாட்டுக்கு ஓட்டிப் பார்த்தேன்.

நம்பு குழாயோடு குனிகிறாள், கோடு ஆறுக்கு ஏறுகிறது. கரையில் விரிசல், கோடு ஏழு. மண் விழுந்த பிறகு கோடு தொய்ந்து படுத்துவிட்டது. அவர் மண்ணுக்குள் கிடந்த அத்தனை நேரமும் அது மூன்றைத் தாண்டவில்லை. அப்புறம் ஓர் இடத்தில் பட்டையின் அளவு முடியும் வரைக்கும் நெட்டுக்குத்தாக ஏறி நின்றது. அடக்கி வைத்த பயம் பீறிட்டது என்று டாக்டர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

நான் படத்தைப் பார்த்தேன். நம்பு தன் வாய்க் குழாயை அவர் வாயில் வைக்கிற இடம்.

அந்த நொடியில் எனக்குள் என்ன எழுந்தது என்று எனக்குத் தெரியும். அவர் செத்துவிடுவாரோ என்று இல்லை. அடிப்பாவி, உன் எச்சிலா என்றுதான். என் புருஷன் சாகக் கிடக்கையில் எனக்கு வந்தது அது. சங்கு அறுக்கிற சத்தத்தைக் கேட்டதுபோல வெட்கத்தில் உடம்பு கூசியது.

இன்னொன்றும் பார்த்தேன். விரிசல் என் கண்ணில் படுவதற்கு இரண்டு நொடி முன்னாலேயே நம்புவின் உடம்பு பின்னால் துள்ளியிருக்கிறது. அவள் அந்தக் கரையின் அடியில் நின்றவள். விழுந்தால் அவள் மேலும் விழும். அவள் பயம் அவர் பிடரியில் இருந்திருந்தால் இரண்டு நொடி முன்னால் கிளம்பியிருப்பார். ஒருநாளும் பொய்ப் பயம் அனுப்பாதவள் அனுப்பியது என்று நம்பியும் இருப்பார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நம்பு பாம்பனுக்குப் போய்விடுவாள். பட்டை என்னிடம், பேர் என்னிடம், மனுஷன் என்னிடம். நாலு நாள் அப்படித்தான் இருந்தேன். சனிக்கிழமை ரொசாரி வந்து, "எனக்கும் மீசை தாராவளாம். எங்க வீட்டு ஆளு வலைக்கடைக்காரிகிட்டச் சிரிச்சாலே எனக்கு இங்கன கொதிக்கும், கடலுக்கடியில என்ன செய்யுதாருன்னு இனி பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று நெஞ்சைத் தொட்டுச் சிரித்தாள். அவள் புருஷனும் இரண்டு வாரத்தில் கையை நீட்டி விரலை விரித்து மூடக் கற்றுக்கொள்வான். அந்தக் கை என் கண்ணுக்குள் வந்து நின்றது, மணலுக்கு மேலே.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நிலையத்துக் கூடத்தில் பதினொரு பெண்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள். கிளாடியஸ் கால் கட்டோடு முன்னால் சக்கர நாற்காலியில். நம்பு பின்னால், பையோடு. டாக்டர் என்னைப் பேசச் சொன்னார்.

"அந்தப் படத்தைப் போடுங்க மேடம்" என்றேன். போட்டார். கோடு நெட்டுக்குத்தாக ஏறிய இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"இங்கன பாருங்க. அவ வாயில இருந்ததை எடுத்து இவரு வாயில வைக்கா. அப்பந்தான் எனக்கு இது ஏறுது. இது பயம் இல்ல. பொறாமை."

நான் அதோடு நிறுத்தவில்லை.

"முதல் வாரம் பதினெட்டு வாட்டி மேல வந்தாரே, அதுவும் இதுதான். நான் பொறாமைப்பட்டுப் பட்டுத்தான், நெசமாப் பயந்த அன்னைக்கு இவரு கையை ஆட்டிட்டு அங்கனயே நின்னாரு. நான் வள்ளத்துல காலு நனையாம உக்காந்திருந்தேன். கரை சரிஞ்சா எனக்கு என்ன வரும்? அந்தத் தொட்டியில கெடக்க உளுவை தனக்காகத்தான் பயப்படுதுன்னு மேடம் அன்னைக்கே சொன்னாவ. அதுனாலதான் இறால் அதை நம்புது. மீசையை அந்தக் குழியில நிக்கிறவகிட்டக் குடுங்க. எங்ககிட்டக் குடுக்காதிய."

முதலில் சிரித்தது ரொசாரி. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்கும் அதாம்ட்டி வந்திருக்கும்" என்றாள். டாக்டர் படத்தைப் பின்னால் ஓட்டி, முன்னால் ஓட்டி, மறுபடியும் பின்னால் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டு பின்வரிசைக்குப் போனேன். நம்பு எழுந்து நின்றாள். கட்டுப் போட்ட விரலால் அவளுக்குக் கொக்கி மாட்ட வராது. நானே மாட்டினேன். "மதினி..." என்றாள். "பேசாம நில்லு" என்றேன். அப்போதும் அவள் கழுத்து என் கழுத்தை விட ஒடிசல் என்றுதான் பார்த்தேன்.

கிளாடியஸ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். "நீ பொறாமைப்பட்டது கெடக்கட்டும். நான் அன்னைக்குக் கையை ஆட்டுனேன் பாரு, உன்னையக் கேலி பண்ணி. அதை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல." நான் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போடாத காலுக்கு எண்ணெய் தேய்த்தேன்.

ஐந்து மாசம் கழித்து அவர் மறுபடியும் கடலுக்குப் போக ஆயத்தமானார். மறுபடியும் நாற்பது நாள், பட்டை பழக. மூன்றாம் நாள் மத்தியானம் சாளைக் குழம்பு. வாய்க்குப் போன சோறு பாதியில் நின்றது. தோளைக் குறுக்கினார். என்னைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார்.

"பல்லியா?" என்றேன்.

"அப்படித்தான் தெரியுது."

எனக்கு அடிவயிற்றில் சுருக் என்றது. அது போகவில்லை, போகும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. என் கழுத்தில் பட்டை இல்லாததால் யார் பிடரியிலும் விழாமல் எனக்குள்ளேயே கிடந்து எரிந்தது. கரண்டியை மெதுவாக வைத்துவிட்டு, போனை எடுத்து நானே அவளைக் கூப்பிட்டேன்.

"என்னட்டி, பல்லியா?"

"ஆமா மதினி, அடுப்பு மேல. இப்பப் போயிருச்சு." அந்தப் பக்கம் தோள் குலுங்கச் சிரிக்கிற சத்தம். "இனிமே பயப்படமாட்டேன், பழகிக்கிறேன் மதினி. அண்ணன் சாப்பாட்டுல தொந்தரவு பண்ணிட்டேன்."

"நீ ஒண்ணும் பழகாண்டாம்," என்றேன். "நல்லாப் பயப்படு."